ஒன்பது நாள் சுற்றுக்கு ஹிமாலயன் 411: காசை முதலில் எதில் போடுவது?

வெள்ளவத்தை411

அண்ணாமாருக்கு வணக்கம். ஓகஸ்ட் இரண்டாம் கிழமை ஏழு பேர் மோட்டார் சைக்கிளில் வெளிக்கிடுகிறோம். கொழும்பு, புத்தளம், மன்னார், பூநகரி, யாழ்ப்பாணம், முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில், எல்ல, நுவரெலியா, கித்துள்கல, திரும்பக் கொழும்பு. ஒன்பது நாள், ஊருக்குள் சுற்றுவதையும் சேர்த்தால் 1,400 கி.மீ அளவு வரும். பெரும்பகுதி தார் ரோட்டு. மன்னார், முல்லைத்தீவுப் பக்கம் கிறவலும் மணலும் கொஞ்சம்.

ஹிமாலயன் 411 மூன்று, எக்ஸ்பல்ஸ் 200 இரண்டு, பழைய செரோ 225 ஒன்று, பாஹா 250 ஒன்று.

என்னுடையது 26,000 கி.மீ ஓடிய ஹிமாலயன். ஓயில் மாற்றி 4,000 கி.மீ ஆகிறது. முன் ரயர் பாதி இருக்கு, பின் ரயர் நடுவில் தட்டையாகிவிட்டது. செயின் வண்டியோடு வந்தது. பிறேக் திரவம் எப்போது மாற்றியதென்று தெரியாது. கையில் எண்பதாயிரம் ரூபா. வாங்க நினைத்திருப்பது: அலுமினியப் பெட்டி ஒரு சோடி, எல்இடி ஸ்பொட் லைற், கிராஷ் காட், ஹாண்டில் ரைசர், போன் மவுன்ற். ஒரே நாளில் 150 கி.மீக்கு மேல் ஓடிப் பழக்கமில்லை. எதை முதலில் வாங்கலாம், எதை விடலாம்?


ஸ்பனர்12

லிஸ்ற் தலைகீழாக நிற்குது தம்பி. சுத்துற சாமான் முதலில், தொங்குற சாமான் பிறகு. நீங்கள் எழுதினதில் தேயுற சாமான் ஒன்றுகூட இல்லை. அந்த எண்பதாயிரத்தில் பெரும்பங்கு ரயருக்கும் செயினுக்கும் போகும், போகட்டும்.

செயினில் தொடங்குங்கோ. பின் ஸ்பொக்கற்றின் கடைக்கோடியில் செயினைப் பிடிச்சுப் பின்னால் இழுங்கோ. பல்லில் பாதி வெளியில் தெரிந்தால் செயின் நீண்டு போச்சு. பல் கொக்கத்தடி நுனி மாதிரி ஒரு பக்கம் வளைஞ்சிருந்தாலும் முடிஞ்சுது. மாத்துறதெண்டால் செயின், முன் ஸ்பொக்கற், பின் ஸ்பொக்கற் மூன்றையும் ஒரே நாளில் மாத்துங்கோ. தேஞ்ச பல்லில் புதுச் செயின் ஏத்தினால் பல்லு செயினைத் தின்னும். செயின் இறுக்கத்துக்கு சுவிங் ஆர்மில் ஒட்டியிருக்கிற அளவைப் பாருங்கோ. அளக்கும்போது சில்லைச் சுத்தி, செயின் எங்கே ஆக இறுக்கமாய் வருதோ அங்கே அளக்க வேணும். தளர்ந்த இடத்தில் அளந்து இறுக்கிப்போட்டு, பெட்டியும் ஆளும் ஏறினவுடன் பின்பக்கம் இறங்க, செயின் கம்பி மாதிரி விறைக்கும். அந்த இழுவை எல்லாம் போய் விழுறது கியர்பெட்டியின் வெளி அச்சுப் பேரிங்கில். முன் ஸ்பொக்கற்றடியில் ஓயில் கசியுதெண்டு பிறகு கராஜ் கராஜாய் ஏற வேண்டி வரும்.

செயினை மண்ணெண்ணெயில் கழுவுங்கோ. பெற்றோல் வேண்டாம், உள்ளுக்குள்ள ஓ-றிங் காய்ஞ்சு வெடிக்கும். ஓடி வந்து செயின் சூடாய் இருக்கேக்க, கீழ்ப்பக்கச் செயினின் உள்முகத்தில் 90 கியர் ஓயில் பூசி, மிச்சத்தைத் துடைச்சு விடுங்கோ. 500 கி.மீக்கு ஒருக்கால், மழையில் நனைஞ்சால் அன்று இரவே.

அடுத்தது கோன் செட், அதாவது ஹாண்டில் திரும்புற கழுத்துப் பேரிங். நடு ஸ்டாண்டில் நிறுத்தி, முன் சில்லு நிலத்தைத் தொடாமல் தூக்கி, ஹாண்டிலை ஒரு விரலால் இடம் வலம் தள்ளுங்கோ. நேராக வரும் இடத்தில் 'டக்' என்று ஒரு பள்ளத்தில் விழுந்து நிண்டால் பேரிங் தடத்தில் குழி விழுந்திட்டுது. இறுக்கிச் சரிவராது, மாத்தத்தான் வேணும். பிறகு முன் போர்க்கின் அடிக்காலைப் பிடிச்சு முன்னும் பின்னும் ஆட்டுங்கோ. அசைஞ்சால் தளர்ந்திருக்கு. அதே நிலையில் சில்லை மேலும் கீழும் பிடிச்சுக் குறுக்காக ஆட்டினால் சில்லுப் பேரிங் தெரியும். பின் சில்லுக்கும் அதேதான்.

ஸ்போக்குகளை ஒரு சின்ன ஸ்பனரால் ஒவ்வொன்றாய்த் தட்டிக் கேளுங்கோ. எல்லாம் ஏறக்குறைய ஒரே சுரத்தில் 'ணிங்' என்று வர வேணும். 'டொக்' என்று செத்த சத்தம் வந்தால் தளர்வு. கால் சுத்துக்கு மேல் ஒரே தரத்தில் இறுக்காதேங்கோ, றிம் இழுபடும். நாலைந்து தளர்ந்திருந்தால் நீங்கள் கை வைக்காமல், றிம் நேர் பார்க்கிற ஆளிடம் கொடுங்கோ.

பிறேக் திரவம் தேதி தெரியாதெண்டால் மாத்தத்தான் வேணும். டொட் 4 புதுசாய் இருக்கேக்க 230 பாகைக்குக் குறையாமல் தாங்கும். அது காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சுற சாமான். ஈரம் ஏறினால் 155 பாகையில் கொதிக்கலாம். உங்கள் கடைசி நாள் நுவரெலியாவில் இருந்து கினிகத்தேனை தாண்டிக் கித்துள்கல வரை இறக்கம். பாரத்தோடு அங்கே லீவர் பஞ்சு மாதிரி அமிழ்ந்தால் காரணம் இதுதான். பாட் கனம் 2 மி.மீக்குக் கிட்ட வந்திருந்தால் புதுசு போடுங்கோ, பழையதைச் சேமிச்சு என்ன செய்யிறது.

ஓயில் 15டபிள்யூ-50, டப்பாவில் ஜாசோ எம்ஏ2 என்று இருக்க வேணும். கார் ஓயில் மலிவெண்டு ஊத்தினால் கிளச் வழுக்கும். பில்டரும் சேர்த்து மாத்துங்கோ. வால்வ் இடைவெளி எஞ்சின் முழுக்கக் குளிர்ந்த பிறகு, கைநூலில் உள்ள அளவுக்கு. 'டிக் டிக்' சத்தம் இல்லையெண்டு சந்தோசப்படாதேங்கோ. சத்தம் போடுற வால்வைவிட, சத்தமே இல்லாமல் இறுகிப்போன எக்சோஸ்ட் வால்வுதான் எரியும். எயார் பில்டர் புதுசு ஒன்று போட்டு, பழையதைத் தட்டித் துப்பரவாக்கிக் கையோடு கொண்டு போங்கோ.

இவ்வளவுக்கும் பிறகு மிஞ்சுற காசில் கிராஷ் காட் வாங்கலாம், கைக் காட் வாங்கலாம். மற்றதெல்லாம் அடுத்த வருசம்.


முள்ளுப்பட்ட ரியூப்

ஸ்பனர் அண்ணை ரயரை எனக்கு விட்டு வைத்திருக்கிறார் போல.

உங்கள் குழுவில் ஏழு வண்டியும் ஸ்போக் சில்லு, செரோவின் சில மாடல்களில் வரும் ரியூப்லெஸ் பின் சில்லைத் தவிர எல்லாம் ரியூப் போட்டது. கார்க்காரர் வைத்திருக்கும் ரியூப்லெஸ் பஞ்சர்த் திரி ரியூப் சில்லுக்கு உதவாது. ரியூபுக்குள் ஊற்றும் ஒட்டுத் திரவமும் வேண்டாம். சின்ன முள்ளுக்குத் தாங்கும், பெரிய ஓட்டை வந்தால் அந்தப் பசை பரவின ரியூபில் எந்தப் பஞ்சர்ப் பட்டியும் ஒட்டாது.

பின் ரயர் புதிது போடும்போது பக்கச் சுவரில் நாலு இலக்கத்தைப் பாருங்கள். 3223 என்றால் 2023ஆம் ஆண்டு 32ஆம் கிழமை செய்தது. ஐந்து வருசத்துக்கு மேற்பட்டது 'புதுசு' என்று கடையில் தூசி தட்டித் தந்தாலும் எடுக்க வேண்டாம். கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் வாங்கினாலும் சரி, வேறெங்கு வாங்கினாலும் சரி, இதைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். உங்கள் பாதைக்கு ரோட்டும் கிறவலும் பாதி பாதி ஓடும் ரயர் போதும். முழுக் குமிழ் ரயர் போட்டால் ஏ9இல் (கண்டி – யாழ்ப்பாணம் ரோட்டு) மழை பெய்யும் நாளில் வருத்தப்படுவீர்கள். வெளிக்கிட ஒரு கிழமைக்கு முன்பே மாற்றி 150 கி.மீயாவது ஓடுங்கள், புது ரயரின் மேல் வழவழப்புத் தேய வேண்டும். ரயர் மாற்றும்போது ரியூபும் புதிது, றிம் நாடாவும் புதிது. பழைய ரியூப் வீசக்கூடியதல்ல, முன்பு பட்டி ஒட்டியிராததாக இருந்தால் அதுவே உங்கள் ஸ்பெயர்.

குழுவுக்கு ரியூப் கணக்கு: முன் சில்லு எல்லாருக்கும் 21 அங்குலம், ஆகவே 21 ரியூப் மூன்று. பின் பக்கம் ஹிமாலயனுக்கு 17, எக்ஸ்பல்ஸுக்கு 18. அளவுக்கு ஒவ்வொன்று எடுங்கள். செரோவுக்கும் பாஹாவுக்கும் ரயரில் எழுதியிருக்கும் அளவைப் பார்த்து எடுங்கள். முடிந்துவிட்டால் 21 ரியூபைப் பின் சில்லுக்குள் மடித்துத் திணித்து அடுத்த ஊர்வரை மெதுவாக ஓடலாம். 17 ரியூபை முன்னுக்குப் போட முடியாது. அதனால்தான் 21 கூட.

கழற்றிப் போடும் ஒழுங்கு. வால்வ் நடுவை உருவி முழுக் காற்றும் இறக்குங்கள். ரயரின் ஓரத்தை றிம்மில் இருந்து உடைக்க மற்ற வண்டியின் பக்க ஸ்டாண்டை ரயரின் மேல் இறக்கி, அந்த வண்டியை மெல்லச் சாய்த்தால் போதும். நெம்புகோல் மூன்று, கை முழ நீளத்துக்குக் குறையாமல். ஒரே தடவையில் நாலு விரல் அகலத்துக்கு மேல் நெம்பாதீர்கள். எதிர்ப்பக்க ஓரம் றிம்மின் நடுப்பள்ளத்தில் அமர்ந்திருக்க வேண்டும், முழங்காலால் அமத்துங்கள். 'வரவே மாட்டேன் என்கிறது' என்று பலம் போடுகிறவர் எல்லாம் இந்தப் பள்ளத்தை மறந்தவர்தான். அந்தப் பலத்தில்தான் புது ரியூபும் கிள்ளுப்படும்.

ரியூபை எடுத்ததும் பட்டி ஒட்ட ஓட வேண்டாம். ஓட்டை எங்கே என்று பார்த்து, ரயரின் அதே இடத்தில் உட்பக்கமாக ஒரு துணியைத் தடவுங்கள். வெறும் விரலால் வேண்டாம். மன்னார், யாழ்ப்பாணப் பக்கம் உடைமுள் உள்ளே முறிந்து நிற்கும், வெளியில் ஒன்றும் தெரியாது. பனைமட்டைக் கருக்கும் அப்படித்தான். அதை எடுக்காமல் புது ரியூப் போட்டால் பத்து நிமிடத்தில் திரும்பவும் அதே வேலை. பாம்பு கடித்த மாதிரி பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வெட்டு இருந்தால் அது முள் இல்லை. காற்றுக் குறைவில் குழியில் அடித்து றிம் கிள்ளினது. றிம்மில் நெளிவு இருக்கிறதா பாருங்கள்.

பட்டிக்கு: அரத்தாளால் பளபளப்புப் போகத் தேய்த்து, பசையைப் பட்டியைவிட அகலமாகப் பூசி, ஐந்து நிமிடம் பொறுங்கள். விரலில் ஒட்டாத பதத்தில்தான் பட்டி வைக்க வேண்டும். ஈரப் பசையில் வைப்பதுதான் பட்டி கழருவதற்கு முதற் காரணம். நெம்புகோலின் வளைந்த முதுகால் நடுவிலிருந்து ஓரத்துக்கு உரசி அமத்துங்கள். ரியூபுக்குக் கொஞ்சம் பவுடர், உள்ளே போகுமுன் உருண்டையாக நிற்கும் அளவுக்கு மட்டும் காற்று.

வால்வ் அடியில் உள்ள நட்டை றிம்மோடு இறுக்க வேண்டாம். மேலே மூடிக்கு அடியில் ஏற்றி விடுங்கள். ரயர் றிம்மில் வழுக்கினால் வால்வ் சாய்ந்து நிற்பது உடனே தெரியும். நட் இறுக்கியிருந்தால் ஒன்றும் தெரியாது, ஒரு நாள் வால்வ் அடியோடு கிழியும்.

காற்றுக்கு 12 வோல்ற் பம்ப் குழுவுக்கு இரண்டு, கைப்பம்ப் ஒன்று. மணலில் முன் 18, பின் 20 பி.எஸ்.ஐ வரை இறக்கலாம். தாரில் ஏறுமுன் திரும்ப ஏற்ற வேண்டும். 'அடுத்த பெற்றோல் செட்டில் அடிப்பம்' என்று அந்தக் காற்றோடு 70இல் ஓடினால் மேலே சொன்ன பாம்புக் கடி.


வெள்ளவத்தை411

நன்றி அண்ணாமார். பெட்டி, ஸ்பொட் லைற் இரண்டையும் வெட்டிவிட்டேன். அப்படியென்றால் சாமானை எதில் கொண்டு போவது? ஒன்பது நாள் உடுப்பு, மழைக் கோட், ஸ்பனர் சாமான் எல்லாம் முதுகுப் பையில் போட முடியுமா?


கொட்டாஞ்சேனை ரைடர்

முதுகுப் பையில பாரம் வைக்காதீங்க. மூணு மணித்தியாலத்தில கழுத்தும் தோளும் போயிரும், விழுந்தா முள்ளந்தண்டுக்குக் கீழே அந்த ஸ்பனர் மூட்டை இருக்கும். தண்ணிப் பை மட்டும் முதுகில போடலாம்.

ரெண்டு பக்கமும் துணிப் பை, 20–25 லீற்றர் ஒவ்வொண்ணு. அலுமினியப் பெட்டி ராக்கோட சேர்ந்து வெறுமையாவே பதினஞ்சு கிலோ வரும். ஹிமாலயன் சும்மாவே 190 கிலோவுக்கு மேல. இன்னொண்ணு, மணல்ல காலைக் கீழே ஊன்றும்போது வண்டி முன்னுக்கு உருண்டு பெட்டி விளிம்பு கெண்டைக்காலைப் பிடிச்சா கால் முறியும். துணி மடங்கும், பெட்டி மடங்காது.

மொத்தச் சாமான் 20 கிலோவுக்குள்ள நிக்கணும். வீட்டுத் தராசில நிறுத்துப் பாருங்க, கண்மட்டம் வேணாம். ஸ்பனர், ரியூப், ஓயில் கீழே, முன்னுக்கு, ரெண்டு பக்கமும் சம பாரமா. மேலே பின்னுக்கு இலேசான உடுப்பு மட்டும். கனத்தை எல்லாம் வால்ல ஏத்தினா முன் சில்லு இலேசாகி, காத்து அடிக்கும்போது ஹாண்டில் ஆடத் தொடங்கும். நீங்க போறது சோளகக் காத்து (தென்மேல் பருவக்காத்து) மாசம். மன்னார் தாம்போதி, சங்குப்பிட்டிப் பாலம், ஆனையிறவு மூணும் திறந்த வெளி. குறுக்காத் தள்ளும். கொக்கி போட்ட றப்பர்ப் பட்டி வாங்காதீங்க. கழண்டா கண்ணில அடிக்கும், இல்லாட்டி பின் சில்லுல சுத்தும். கொக்கி இல்லாத, பூட்டி இழுக்கிற பட்டி எடுங்க, தொங்கிற நுனியை மடிச்சுக் கட்டுங்க. புகைக்குழாய்ப் பக்கப் பைக்கு ஒரு சாண் இடைவெளி.

பாரம் ஏத்தினா ஷொக்கைச் சரிசெய்யணும், இதை யாரும் செய்யிறதில்ல. நடு ஸ்டாண்டில பின் சில்லு தொங்கும்போது அச்சில இருந்து நேர் மேலே சீற்றடியில ஒரு இடத்துக்கு அளவெடுங்க. பிறகு முழுச் சாமானோட, முழு உடுப்போட நீங்க ஏறி இருந்து, இன்னொருத்தர் அதே அளவை எடுக்கணும். வித்தியாசம் மொத்த அசைவில மூணுல ஒரு பங்கு. ஹிமாலயனுக்குப் பின்னுக்கு 180 மி.மீ, ஆகவே 60 அளவு. 80, 90 இறங்கினா ஷொக் கழுத்தில இருக்கிற படியை சீ-ஸ்பனரால கூட்டுங்க. பின்பக்கம் இறங்கினா ஹெட்லைற் வானத்தைப் பார்க்கும், அதையும் கீழே இறக்குங்க. பாதிப் பேர் ஸ்பொட் லைற் தேடுறது லைற் மேலே பார்க்கிறதாலதான்.

கிளச் லீவர், பிறேக் லீவர் ரெண்டையும் பிடிக்கிற கிளாம்பை முழுக்க இறுக்காதீங்க. கையால பலமாத் தள்ளினா சுத்துற அளவுக்கு விடுங்க. விழுந்தா லீவர் சுழலும், முறியாது. புது கிளச் கேபிள் ஒண்ணைப் பழைய கேபிளுக்குப் பக்கத்திலேயே ஓட விட்டு, ரெண்டு நுனியையும் ரேப் சுத்தி வைங்க. அறுந்தா அஞ்சு நிமிஷ வேலை.

கடைசியா: ரெண்டு கிழமைக்கு முதல், முழுச் சாமானோட அவிசாவளை வழியா கித்துள்கல போய் வாங்க. போய் வர 190 கி.மீ அளவு. வந்த அண்டைக்கே எல்லா நட்டையும் திரும்ப ஸ்பனர் போட்டுப் பாருங்க. ராக், கிராஷ் காட், புகைக்குழாய், கண்ணாடி இதெல்லாம் முதல் ஓட்டத்தில தளரும். இறுக்கினதுக்கு மேல பெயின்ற்ல ஒரு கோடு போட்டா காலையில கண்ணால பார்த்தே தெரியும். எந்தப் பை எங்க உரசுது, எந்த உடுப்புத் தேவையே இல்ல என்கிறதும் அதில தெரிஞ்சிரும்.


கடைசி ஆள்

வண்டியைப் பற்றிச் சொல்லியாயிற்று. 150 கி.மீக்கு மேல் ஓடிப் பழக்கமில்லை என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பதிவில் எனக்குக் கவலை தந்த வரி அதுதான்.

கொழும்பு – மன்னார் முதல் நாளே 300 கி.மீக்கு மேல். மோட்டார் சைக்கிளுக்கு அதிவேகப் பாதை கிடையாது, ஏ3 நெடுக பஸ்ஸோடும் லொறியோடும்தான். ஏழு பேர் என்றால் நிற்பது, நிரப்புவது எல்லாம் சேர்த்து மணிக்கு 35 – 40 கி.மீ சராசரிதான் வரும். அதைப் புத்தளத்திலோ அநுராதபுரத்திலோ உடையுங்கள். முடியாதென்றால் அதிகாலை ஐந்து மணிக்கு நீர்கொழும்பைத் தாண்டியிருக்க வேண்டும்.

இன்றிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள்: கால் மிதியில் எழுந்து நின்று ஓடப் பழகுங்கள். முழங்கால் சற்று மடிந்து, பெற்றோல் தாங்கியை இரு தொடையாலும் பிடித்து, கை தளர்வாக. கையில் தொங்கி நிற்பவருக்கு இருபது நிமிடத்தில் முன்கை விறைக்கும். காலி மைதானத்தில் எட்டுப் போடுங்கள், முழு ஹாண்டில் திருப்பத்தில் பின் பிறேக்கை இலேசாக மிதித்தபடி. 40இலிருந்தும் 60இலிருந்தும் முழுப் பிறேக் பிடித்து நிறுத்துங்கள். விழுந்த வண்டியைத் தூக்கப் பழகுங்கள். எஞ்சினை நிறுத்தி, கியரில் போட்டு, வலப்பக்கம் விழுந்திருந்தால் முதலில் பக்க ஸ்டாண்டை இறக்கி, ஹாண்டிலை முழுக்கத் திருப்பி, சீற்றில் முதுகைக் கொடுத்துக் காலால் தள்ளுங்கள். குனிந்து இடுப்பால் தூக்கினால் அன்றோடு பயணம் முடியும்.

ஓகஸ்ட் மாத மன்னார் வெயிலில் தோல் ஜக்கெற் வேண்டாம். பாதுகாப்புத் தகடு உள்ள வலை ஜக்கெற். காற்றே சூடாக இருக்கும்போது வலை மட்டும் குளிரூட்டாது. நிற்கும் இடத்தில் எல்லாம் உள்சேட்டை நனைத்துக்கொண்டு ஏறுங்கள். அதே பையில் நுவரெலியாவுக்கு ஒரு கம்பளிச் சேட்டும் இருக்க வேண்டும். 1,868 மீற்றர் உயரம், மழையோடு மாலை இறங்கினால் விரல் விறைத்து கிளச் பிடிக்க வராது. தண்ணீர் நாளைக்கு நாலைந்து லீற்றர், அதில் ஒரு லீற்றர் ஜீவனி (நீரிழப்புக்குக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைத் தூள்) கலந்தது. சிறுநீர் தேயிலைச் சாயமாகப் போனால் நீங்கள் ஏற்கெனவே பிந்திவிட்டீர்கள். தலையிடி, கியர் மாறிப் போடுவது, கேட்டதற்குப் பிந்திப் பதில் சொல்வது, இந்த மூன்றில் ஒன்று ஒருவரிடம் கண்டால் குழு முழுதும் நிழலில் நிற்க வேண்டும். அவரைக் கேட்டால் 'ஒன்றும் இல்லை' என்றுதான் சொல்வார். மதியம் சோற்றைப் பாதியாகக் குறையுங்கள், பிற்பகல் இரண்டு மணிக்கு வரும் தூக்கத்துக்கு ஹெல்மற் மருந்தில்லை. காதுக்குப் பஞ்சு அடைப்பான். தடித்த தையல் உள்ள ஜீன்ஸுக்குள் பருத்தி உள்ளாடை போட்டு 200 கி.மீ இருந்தால் தோல் உரியும். சைக்கிள் ஓட்டுபவர் போடும் தையலற்ற காற்சட்டை, கொஞ்சம் வசலின்.

இனிக் குழு. முன்னால் பாதை தெரிந்தவர், அவருக்கு அடுத்து ஆக மெதுவாக ஓடுபவர், கடைசியில் பஞ்சர் ஒட்டத் தெரிந்தவரும் மருந்துப் பெட்டியும். மெதுவானவரைக் கடைசியில் விட்டால் அவர் நாள் முழுதும் துரத்திக்கொண்டே இருப்பார், வளைவில் அவர்தான் விழுவார். திருப்பம் வந்தால் அந்த மெதுவானவருக்கு அடுத்து வருபவர் அங்கே நின்று கை காட்ட வேண்டும், கடைசி ஆள் வந்த பிறகுதான் நகரலாம். போனில் வரைபடம் இருக்கிறதே என்று இதை விட்டுவிடாதீர்கள். தாரில் சமாந்தரமாக இல்லாமல் மாறி மாறி, முன்னவருக்கும் உங்களுக்கும் இரண்டு செக்கன். கிறவலில் முன்னவரின் புழுதி அடங்கும் தூரம். ஏழு பேரிடமும் ஒரே கம்பனி சிம் இருக்கக் கூடாது. ஒவ்வொருவர் ஜக்கெற்றின் இடப் பையிலும் ஒரு மட்டை: இரத்த வகை, ஒவ்வாமை, வீட்டு இலக்கம். அம்புலன்சுக்கு 1990, காசு இல்லை.

வண்டி ஓடாத நேரம் என்று ஒன்று வேண்டும். ஐந்தரைக்குப் பிறகு ஹபரணை – திருகோணமலைப் பாதையிலோ, முல்லைத்தீவுக் காட்டு ஓரத்திலோ ஓடக் கூடாது. யானை கண்டால் ஹோர்ன் அடிக்காமல், லைற் வெட்டாமல், வண்டியைத் திருப்ப இடம் வைத்துத் தூரத்திலேயே நில்லுங்கள். முன்னவர் தப்பிப் போனார் என்று இரண்டாமவர் போகக் கூடாது, யானைக்குக் கோபம் வருவது இரண்டாமவரில்தான். புத்தளம், மன்னாரில் கழுதைகள் இரவில் ரோட்டிலேயே நிற்கும், கண் பளிச்சிடும் வரை தெரியாது. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் நீங்கள் போகும்போது சிறுபோக அறுவடை. ரோட்டின் ஒரு பாதியில் நெல் காயும். அதன் மேல் பிறேக் பிடிப்பது குண்டுமணி மேல் பிடிப்பது போலத்தான். ஏறாமல் விலக்குங்கள், ஏறிவிட்டால் நேராக உருள விடுங்கள்.

நல்லூர்த் திருவிழா நாட்களைப் பார்த்து யாழ்ப்பாண அறையை இப்போதே பிடியுங்கள். அது வண்டி விசயம் இல்லைதான், ஆனால் இரவு எட்டு மணிக்கு ஏழு வண்டியோடு அறை தேடுவதும் களைப்புத்தான்.


வெள்ளவத்தை411

கித்துள்கல ஓட்டத்துக்கு ஞாயிறு குறித்துவிட்டோம். ஒரு கேள்வி மட்டும். பெற்றோல் எத்தனை கி.மீக்கு ஒருக்கால் நிரப்புவது? என் தாங்கி 15 லீற்றர், 350 கி.மீ தாராளமாக ஓடும். செரோக்காரர்தான் ஒவ்வொரு செட்டிலும் நிற்க வேண்டும் என்கிறார்.


ஸ்பனர்12

அவர் சொல்லுறதுதான் சரி. குழுவின் தூரம் ஆகச் சின்னத் தாங்கியின் தூரம். செரோ 225க்கு மாடலைப் பொறுத்து எட்டிலிருந்து பத்து லீற்றர். லீற்றருக்கு 30 கி.மீ என்று வைச்சாலும் எட்டு லீற்றரில் 240, அதில் காத்து, பாரம், மணல், வழி தவறல் எல்லாம் கழிச்சால் 150. ஆகவே 150 கி.மீக்கு ஒருக்கால் ஏழு பேரும் நிரப்புங்கோ. உங்களுக்கு ஐந்தாறு லீற்றர்தான் போகும் எண்டாலும் நிரப்புங்கோ. அவர் ஒரு இடத்திலும் நீங்கள் வேறொரு இடத்திலும் நிண்டால் குழுவுக்குத் தரிப்புக் கூடும். மன்னார் – பூநகரி ஏ32 ஏற முதல் மன்னார் பட்டினத்திலேயே முழுக்க அடிச்சுப்போட்டு ஏறுங்கோ.

செரோக்காரரிடம் இதைச் சொல்லுங்கோ. அதில் பெற்றோல் மீற்றர் இல்லை, தாங்கியின் அடியில் குழாய்த் திறப்புத்தான். ஓடேக்க 'ஓன்'இல் இருக்க வேணும். எஞ்சின் முக்கத் தொடங்கினால் 'றிசேர்வ்'. செட்டில் நிரப்பின உடனே திரும்ப 'ஓன்'க்குத் திருப்பி, ரிப் மீற்றரைப் பூச்சியத்துக்குக் கொண்டுவர வேணும். திருப்ப மறந்து றிசேர்விலேயே ஓடினால் அடுத்த தரம் முக்காமல் ஒரேயடியாய் நிக்கும். வெளிக்கிடுறதுக்கு முதல் றிசேர்வில் போட்டு ஒருக்கால் ஓடியும் பார்க்கச் சொல்லுங்கோ. பழைய தாங்கியெண்டால் அடியில் துரு படிஞ்சிருக்கும், வருசக்கணக்காய்த் திறக்காத அந்தக் குழாயைக் காட்டுக்குள் நிண்டு முதன்முதல் திறந்தால் துரு முழுக்கக் காபரேற்றருக்குள் இறங்கும்.